வாசகர் கேள்வி – பதில்: பழைய பேப்பர் கடை வாங்காத பிளாஸ்டிக்கை என்ன செய்வது?

வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கைக் கொண்டு கைவினைப் பொருள்கள் செய்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒரு கடிதம் மட்டும் இடம்பெறுகிறது.

கேள்வி: தண்ணீர் பாட்டில், பால் கவர், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே என்று எதையும் எறியாமல் நெடுநாளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். பரண் நிரம்பிவிட்டது, வீட்டில் திட்டும் விழத் தொடங்கிவிட்டது. எதைக் கொண்டு என்ன செய்யத் தொடங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன், பரணில் இருப்பவற்றையெல்லாம் கீழே இறக்கி, உங்கள் பகுதிப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்பவை ஒரு பக்கமும், அவர் கையால் தொடவும் மறுப்பவை மறுபக்கமுமாகப் பிரித்துவிடுங்கள். பெரும்பாலான பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் 1 என்ற எண்ணுடைய பெட் வகையைச் சேர்ந்தவை. ஷாம்பு, பினாயில் பாட்டில்களில் பெரும்பாலானவை 2. பால் கவர் 4. தயிர் டப்பா, பிரியாணி டப்பா போன்றவை பெரும்பாலும் 5. எண் இல்லாத பொருளாக இருந்தால் சிறு துண்டு ஒன்றை வெட்டி, ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரில் முழுவதும் அமிழ்த்திவிட்டுப் பாருங்கள். 2, 4, 5 ஆகிய வகைகள் மேலெழுந்து மிதக்கும், பெட் வகையும் பி.வி.சி.யும் அடியிலேயே கிடக்கும்.

மேலே சொன்னவற்றில் கடைக்காரர் வாங்கிக்கொள்பவற்றை அவரிடமே கொடுத்துவிடுவதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. சுத்தமான பெட் பாட்டில் நசுக்கப்பட்டு, சில்லுகளாக அரைக்கப்பட்டு, உருக்கி இழுக்கப்பட்டுப் பாலியெஸ்டர் இழையாகித் தலையணைக்கும் துணிக்கும் போகிறது. அதே பாட்டிலில் பெயின்ட் அடித்து, மணி ஒட்டி, ஜிகினா தூவிப் பூச்சாடி என்று பெயர் சூட்டிவிட்டால், தூசி படிந்து சலித்துப்போகும் நாளில் அதை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார். மறுசுழற்சிக்குப் போயிருக்கக்கூடிய ஒரு பொருளை, அதற்குத் தகுதியற்ற குப்பையாக நாமே மாற்றியிருப்போம்.

கைவினைக்கு உரியவை அந்த மறுபக்கக் குவியலில்தான் இருக்கின்றன. பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ், மசாலாப் பொடி, காப்பித் தூள், சோப்புத் தூள் ஆகியவற்றின் உறைகளும் சாஷேக்களும் வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பல நேரங்களில் நடுவில் அலுமினியப் பூச்சும் கொடுத்துத் தயாரிக்கப்படுபவை. அந்த அடுக்குகளைப் பிரித்தெடுக்கச் சிக்கனமான வழி இல்லாததால்தான் அவற்றுக்கு விலை இல்லை. உள்ளாட்சி அமைப்பு முறையாகப் பிரித்தெடுத்தால் அவை அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகலாம். இல்லாவிட்டால் சாக்கடையை அடைக்கும், அல்லது தெருமுனையில் எரியும். முதலில் இவற்றை எடுங்கள். அடுத்தபடியாக, கிழிந்த அரிசிச் சாக்குகளையும் காது அறுந்த கட்டைப்பைகளையும் எடுக்கலாம். பாட்டிலைத் தொடுவதாக இருந்தால், கடையில் காசு கொடுத்து வாங்கவிருந்த ஒன்றுக்கு அது உண்மையிலேயே மாற்றாக அமையும்போது மட்டும் தொடுங்கள்.

சேமிப்பதற்கு ஒரே ஒரு பை என்று வைத்துக்கொண்டு, அது நிரம்பியதும் சேர்ப்பதை நிறுத்திவிட்டுச் செய்வதைத் தொடங்குங்கள். திட்டும் நிற்கும்.

கேள்வி: சிப்ஸ் உறைகளை மடித்துக் கோத்துப் பர்ஸ் செய்கிறார்களே, அதில் தையலும் பசையும் இல்லை என்கிறார்கள். செய்முறையை விளக்கமாகச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: பஸ் டிக்கெட்டையும் மிட்டாய்த் தாளையும் மடித்துச் சங்கிலி கோத்து விளையாடியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர் கைக்கு இது உடனே பிடிபட்டுவிடும், முறை ஏறத்தாழ அதேதான்.

உறையின் முதுகுப் பக்க ஒட்டையும் இரு முனைகளையும் வெட்டி நீக்கி, விரித்து, பாத்திரம் துலக்கும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, துணியால் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய் மிஞ்சினால் எறும்பு வரும், சில நாளில் காறல் வாடையும் வரும். உலர்ந்த பின் 14 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருந்தால்தான் கோவை நேராக வரும் என்பதால், அட்டையில் ஓர் அளவுத் துண்டு வெட்டி வைத்துக்கொண்டு அதன்படி வெட்டுவது நல்லது.

அச்சுப் பக்கம் வெளியே தெரியும்படி, நீள விளிம்புகள் இரண்டையும் நடுக்கோடு வரை உள்ளே மடித்து, மீண்டும் நடுக்கோட்டிலேயே மூடினால், ஒன்றரை செ.மீ. அகலத்தில் நான்கு அடுக்குள்ள பட்டை கிடைக்கும். மெல்லிய உறையாக இருந்தால், கடைசி மடிப்புக்கு முன்பாக உள்ளே பழைய காலண்டர் தாளின் கீற்று ஒன்றை வைத்து மூடுங்கள். பட்டை விறைப்பாக நிற்கும். இந்தப் பட்டையைக் குறுக்கே பாதியாக மடித்து, அதன் இரு முனைகளையும் நடு மடிப்பை நோக்கி உள்பக்கமாக மடக்கினால், இரண்டு கால்களும் ஒவ்வொரு காலிலும் ஒரு வாயும் கொண்ட கண்ணி ஒன்று உருவாகும். அடுத்த கண்ணியின் இரு கால்களையும் முதல் கண்ணியின் இரு வாய்களிலும் நுழைத்து இறுக இழுக்க வேண்டும். மூன்றாவது கண்ணி இரண்டாவதன் வாய்களில் நுழையும். இப்படியே கோத்துக்கொண்டு போனால் மேலும் கீழும் முக்கோணப் பற்கள் உள்ள பட்டை நீண்டுகொண்டே வரும். பையின் சுற்றளவுக்கு வந்ததும், கடைசிக் கண்ணியை மட்டும் உள்மடிப்பு இல்லாமல் நுழைத்து, அதன் முனைகளை முதல் கண்ணியின் வழியே கொண்டுவந்து மடித்துச் செருகிவிட்டால் வளையம் மூடிக்கொள்ளும்.

தையலே இல்லை என்பது ஒரு வளையத்துக்கு மட்டும்தான் உண்மை. ஒரு வளையத்தின்மேல் மற்றொன்றை நிறுத்தி இணைக்க, பற்களின் முனைகள் வழியாகத் தூண்டில் நரம்பைக் கோணல்மாணலாக ஓட்டித் தைத்தாக வேண்டும். பருத்தி நூல் இந்த விளிம்புகளில் உராய்ந்து சீக்கிரம் அறுந்துவிடும். அடிப்பக்கத்துக்கு நேராக வைத்த சில பட்டைகளை அதே நரம்பால் இணைத்துக்கொள்ளலாம். உள்ளே பழைய சேலைத் துணியில் ஓர் உள்ளுறை தைத்துப் பொருத்தினால் சில்லறை இடுக்கில் சிக்காது.

ஒரு கைப்பை முடிய நூற்றுக்கணக்கான கண்ணிகள் வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதல் முயற்சியாகக் கண்ணாடிக் கூடோ பேனாப் பையோ செய்து பார்ப்பது கைக்கும் பொறுமைக்கும் நல்லது. உறை போதாவிட்டால் டீக்கடை, கல்லூரி கேன்டீன் ஆகியவற்றில் சொல்லிவைத்து வாங்கிக்கொள்ளுங்கள்; பை செய்வதற்காகவே சிப்ஸ் வாங்கித் தின்பது உடம்புக்கும் நோக்கத்துக்கும் ஒவ்வாது.

கேள்வி: தினம் மூன்று ஆவின் பால் கவர்கள் சேருகின்றன. கடையில் கொடுத்தால் சில ரூபாய்தான் கிடைக்கிறது. மிதியடி செய்யலாமா? கழுவினாலும் வாடை போவதில்லையே?
– வாசகர், சென்னை அம்பத்தூர்

பதில்: வாடை போகாததற்குக் காரணம் பெரும்பாலும் வெந்நீர்தான். பாலின் புரதம் சூட்டில் இறுகிப் படலத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலை ஊற்றியவுடன், காய்வதற்கு முன்பே, பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு நீரில் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தேய்த்து, கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பிரிக்கும்போது மூலையை முழுவதும் வெட்டி எறியாமல், துண்டு கவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டுங்கள். அந்தச் சிறு முக்கோணத் துண்டுகளை எந்தத் துப்புரவுப் பணியாளராலும் பொறுக்கி எடுக்க முடியாது.

கவரின் மேல், கீழ் ஒட்டுகளை வெட்டி நீக்கினால் ஒரு குழாய் கிடைக்கும். அதைத் தட்டையாக வைத்து 3 செ.மீ. அகலத்தில் குறுக்கே வெட்டினால் வளையங்கள் வரும். ரப்பர் பேண்டுகளை ஒன்றோடொன்று மாட்டுவது போல ஒரு வளையத்தை இன்னொன்றுக்குள் விட்டுத் தன்னுள்ளேயே இழுத்து முடிந்தால், முடிச்சு சிறியதாக நிற்கும் நீண்ட இழை தயார். தடித்த குரோஷே ஊசியால் இதைப் பின்னலாம். அல்லது மூன்று இழைகளைச் சேர்த்துச் சடை பின்னி, அந்தச் சடையை வட்டமாகச் சுருட்டிக்கொண்டே நரம்பால் தைத்துவரலாம். ஆவின் கவர்களின் நீலமும் பச்சையும் ஆரஞ்சும் கலந்து வரும்போது சாயமே தேவையில்லாத அழகு கிடைக்கிறது.

மிதியடியாக மட்டும் வேண்டாம். பாலித்தீன் ஈரமான டைல்ஸ் தரையில் வழுக்கும். குளியலறை வாசலில் போட்டால் வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள். அடியில் பழைய ஜீன்ஸ் துணியை வைத்துத் தைத்து, ஈரம் படாத இடத்தில் போடுவதானால் சரி. காய்கறிப் பை, வெங்காயம் தொங்கவிடும் உறி, தொட்டிச் செடிக்கான தொங்கல் ஆகியவை இன்னும் பொருத்தமானவை. கனமான எதையும் நிரந்தரமாகத் தொங்கவிடாதீர்கள். இந்தப் படலம் அறுந்துபோகாவிட்டாலும் நாள்போக்கில் இழுபட்டு நீண்டுவிடும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பசையோ பெயின்டோ சேராமல் பால் கவரால் மட்டுமே பின்னிய பை கிழிந்துபோனாலும், நரம்பை உருவிவிட்டு எடைக்குப் போடலாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மாணவர்கள் தண்ணீர் பாட்டிலை வெட்டி, மெழுகுவத்திச் சுடரில் காட்டி இதழ்களைச் சுருட்டிப் பூக்கள் செய்கிறார்கள். புகை குறித்துப் பெற்றோர் ஒருவர் ஆட்சேபித்தார். அவர் சொல்வது சரியா?
– ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சரிதான். சுடரின் நுனியில் பிளாஸ்டிக் சுருள்வதோடு நிற்பதில்லை. ஓரம் கருகி, மூடிய வகுப்பறையில் பிள்ளைகள் சுவாசிக்கும் உயரத்திலேயே புகை நிற்கிறது. உருகிச் சொட்டும் துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும்.

சுடரே தேவையில்லை. பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் உருகுவதற்குச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்றாலும், 70 முதல் 80 டிகிரியிலேயே அது இளகிச் சுருங்கத் தொடங்கிவிடும். ஆகவே கொதித்து இறக்கிய வெந்நீரில் வெட்டிய இதழை இடுக்கியால் பிடித்து ஒரு கணம் முக்கி எடுத்தாலே வளைந்து கொடுக்கும். வெந்நீரை ஆசிரியரே கையாள வேண்டும். பிள்ளைகள் வெட்டுவதையும் அடுக்குவதையும் செய்யட்டும். வெட்டிய பாட்டிலின் கூர்மையான விளிம்பை மழுக்கவும் இதே குணம் உதவும்: குறைந்த சூட்டில் வைத்த இஸ்திரிப் பெட்டியின்மேல் அலுமினியத் தாள் ஒன்றை விரித்து, விளிம்பை அதில் இலேசாக அழுத்திச் சுழற்றினால் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு வழவழப்பாகிவிடும்.

பூக்களோடு நிறுத்திக்கொள்ளாமல் மாணவர்களுக்கு இந்தச் சுருங்கும் குணத்தையே பாடமாகக் காட்டலாம். பாட்டிலை வட்டமாகச் சுற்றிச் சுற்றி வெட்டி ஒரே நீண்ட நாடாவாக எடுத்து, ஆடிக்கொண்டிருக்கும் சுத்தியல் காம்பிலோ விளக்குமாற்றின் கட்டிலோ இறுக்கமாகச் சுற்றி முடிந்து, அதன்மேல் வெந்நீரை ஊற்றினால், நாடா சுருங்கிக் கவ்விக்கொள்ளும். பூவைப் பார்த்துப் பாராட்டுபவர்களைவிட, ஆடாத சுத்தியலைப் பார்த்து வியப்பவர்கள் வீட்டில் அதிகம் இருப்பார்கள்.

கேள்வி: ஃபெவிகால் போட்டு ஒட்டிய டப்பா அலங்காரம் மறுநாளே பெயர்ந்துவிடுகிறது, அக்ரிலிக் பெயின்டும் தோல் உரிவது போல் உரிகிறது. எந்தப் பசை நல்லது?
– வாசகி, ஈரோடு

பதில்: மரப் பசை, ஒட்டும் பொருளின் நுண்துளைகளுக்குள் இறங்கி, நீர் வற்றிக் காய்ந்து பிடிப்பது. பிளாஸ்டிக்கில் துளையும் இல்லை, நீரை உறிஞ்சும் குணமும் இல்லை. அதிலும் 2, 4, 5 ஆகிய எண்கள் உள்ள வகைகளில் உடனடிப் பசைகள்கூடச் சரியாகப் பிடிப்பதில்லை. அங்கே பசையைத் தேடிக் காசைச் செலவிடாமல், சூடான ஊசியால் துளையிட்டுத் தைப்பது, மெல்லிய கம்பியால் கட்டுவது, ஒன்றுக்குள் ஒன்று செருகுவது ஆகிய வழிகளை நாடுங்கள். பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்றால் உப்புத்தாளால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பிரைமர் பூசிய பிறகு அடியுங்கள். தேய்க்கும் தூள் காற்றிலும் வாய்க்காலிலும் கலக்காதிருக்க ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். நாங்கள் விரும்பும் வழி வேறு: டப்பாவுக்கு அளவாகத் துணியுறை தைத்துப் போட்டுவிடுங்கள். அழுக்கானால் துவைக்கலாம், அலுத்துவிட்டால் மாற்றலாம், டப்பாவும் கெடாமல் இருக்கும்.

கேள்வி: 25 கிலோ அரிசிச் சிப்பத்தின் சாக்கில் மண் நிரப்பி மாடித்தோட்டத்தில் கத்தரி வைத்தேன். சில மாதங்களில் சாக்கு தொட்டாலே உதிர்கிறது. ஏன்?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: வெயில்தான் காரணம். இந்தச் சாக்குகள் பாலிப்ரொப்பிலீன் பட்டைகளால் நெய்யப்பட்டவை. புறஊதாக் கதிர் தொடர்ந்து பட்டால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து இழைகள் நொறுங்கும். உதிர்ந்த இழை நேரே உங்கள் மண்ணில் சேருகிறது என்பதால், இதை இன்னும் சில மாதங்களுக்கு நீட்டிக்க முயலாமல் செடிகளை இப்போதே மாற்றிவிடுங்கள். காலியான பெயின்ட் பக்கெட் இதைவிடப் பல ஆண்டுகள் தாங்கும்.

அரிசிச் சாக்குக்கு உரிய இடம் நிழல். ஓரங்களை இரண்டு மடிப்பாக மடித்து, 16 அல்லது 18ஆம் எண் ஊசி பொருத்திய தையல் இயந்திரத்தில் தைத்தால், மளிகைக்கு எடுத்துச் செல்ல உறுதியான பை கிடைக்கும். ஒற்றை மடிப்பில் தைத்தால் இழை பிரிந்து தையலோடு வந்துவிடும். பழைய பட்டுப்பாவாடையின் கரையைக் காதுக்கு வைத்துத் தைத்த பைகளைப் பார்த்திருக்கிறோம். அரிசி நிறுவனத்தின் பெயர் தெரிந்தாலும் குறையொன்றும் இல்லை.

கேள்வி: பாட்டில்களைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டுச் செடி வளர்க்கலாம் என்றிருக்கிறேன். கொசு வரும் என்று அக்கம்பக்கத்தில் தடுக்கிறார்கள்.
– வாசகர், புதுச்சேரி

பதில்: அவர்களுடைய அச்சம் நியாயமானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடியளவு தேங்கிய நீரே போதும்; முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதன் முட்டைகள் காய்ந்த பாத்திரத்தின் சுவரிலேயே மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே ஒவ்வொரு பாட்டிலுக்கும் மிகத் தாழ்வான இடத்தில் வடிகால் துளை போட வேண்டும். செடி பட்டுப்போன பாட்டிலை அப்படியே தொங்கவிடக் கூடாது. இன்னொரு குறையும் உண்டு: ஒளி ஊடுருவும் பாட்டிலில் வேர்ப்பகுதியில் வெளிச்சம் பட்டுப் பாசி படரும். பழைய துணியைச் சுற்றிவிட்டால் அதுவும் தீரும், வெயிலில் பாட்டில் நொறுங்குவதும் தாமதமாகும்.

உண்மையில், பாட்டிலைத் தொட்டியாக்குவதைவிட நீர் ஊட்டியாக்குவது எளிது. மூடியில் ஊசித் துளையிட்டு, நீர் நிரப்பித் தொட்டி மண்ணில் தலைகீழாக நட்டு வையுங்கள். நீர் மெல்லக் கசிந்து இறங்கும். துளையின் அளவையும் மண்ணின் தன்மையையும் பொறுத்து நேரம் மாறும் என்பதால், ஊருக்குப் போவதற்கு முன்பே ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: குளிர்பான பாட்டிலில் பருப்பு, ரவை கொட்டி வைக்கலாமா? ஊறுகாய்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நன்கு கழுவி உலர்த்திய பாட்டிலில் பருப்பு, ரவை வைக்கலாம். புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்த ஊறுகாய்க்குக் கண்ணாடி அல்லது பீங்கான் சாடியே ஏற்றது. பினாயில், ஆசிட், பூச்சிமருந்து இருந்த கேன்களை எத்தனை முறை கழுவினாலும் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: பாட்டில் மூடிகளை வீட்டு அவனில் உருக்கிப் பலகையாக்கி, அதில் கோஸ்டர், சாவிக்கொத்து செய்யும் காணொலிகளைப் பார்த்தேன். முயலலாமா? பிளாஸ்டிக்கில் சாலையே போடுகிறார்களே?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: சமையலுக்குப் பயன்படும் அவனிலோ தோசைக்கல்லிலோ வேண்டவே வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் சாலை முறை, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கியது, அதற்காக அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த முறையில் ஜல்லியைச் சுமார் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதன்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியின்மீது மெல்லிய பூச்சாகப் படிகிறது. பிறகு தார் சேர்க்கப்படுகிறது. பிளாஸ்டிக் எரியும் சூட்டுக்குப் போகாமல் இளகும் சூட்டிலேயே நிறுத்துவதும், பி.வி.சி.யை முற்றிலும் விலக்குவதும் அந்த முறையின் உயிர்நாடி. பி.வி.சி. சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் வாயு வெளிவரும். எரிந்தால் டயாக்சின் போன்ற நச்சுகளும் உண்டாகும். போகிக்குப் பழைய பாயோடு பிளாஸ்டிக்கையும் டயரையும் கொளுத்துபவர்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டின் அடுப்பில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்த மூடி எந்த வகை என்று உறுதியாகத் தெரியாத நிலையில், வகை கலந்துவிட்டால் பலகையும் சரியாகச் சேராது. உருக்கிப் பார்க்கும் ஆர்வம் தீர வேண்டுமானால் ஒரு சிறு முயற்சி செய்யலாம்: சுத்தமான பால் கவர்களை ஆறு அடுக்காக வைத்து, மேலும் கீழும் பட்டர் பேப்பர் இட்டு, சன்னல்களைத் திறந்துவைத்து, குறைந்த சூட்டிலிருந்து படிப்படியாகக் கூட்டி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், அடுக்குகள் ஒன்றாகி ரெக்சின் போன்ற தாள் கிடைக்கும். புகையோ நெடியோ வந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள். அந்தத் தாளில் புத்தக உறையும் சிறு பையும் தைக்கலாம்.

கேள்வி: கொலுவுக்குப் பூங்காவும் குளமும் பிளாஸ்டிக் குப்பையிலேயே அமைக்க யோசனை கூறுங்கள்.
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: நீல பால் கவரைக் கசக்கி விரித்தால் குளம், சாஷேக்களின் வெள்ளி நிற உள்பக்கத்தைக் கீற்றாக வெட்டினால் அருவி, பச்சைக் குளிர்பான பாட்டிலின் அடிப்பாகத்தைக் கீறி விரித்தால் தென்னை. தெர்மோகோலில் மலை செய்தால் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலையே அரித்துக் குழியாக்கிவிடும். எதையும் பசையால் ஒட்டாமல் குண்டூசியாலும் நூலாலும் நிறுத்துங்கள். பொம்மைகளோடு சேர்த்து அவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால், அடுத்த ஆண்டு ஊர் மாற்றி அமைக்கலாம். பொம்மைக்குக் கொடுக்கும் மரியாதையைக் குளத்துக்கும் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர். ஒயர் கூடை பின்னத் தெரிந்தவர்கள் சிலர். கழிவுப் பிளாஸ்டிக்கில் பொருள்கள் செய்து விற்றால் வருமானம் வருமா? மூலப்பொருள் இலவசம்தானே?
– குழு உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மூலப்பொருள் இலவசம் என்ற எண்ணத்திலிருந்துதான் இத்தகைய முயற்சிகளில் பல தடுமாறுகின்றன. உறைக்கு விலை இல்லை என்பது உண்மை. ஆனால் அதைத் திரட்டி, வகை பிரித்து, கழுவி, உலர்த்தி, அளவாக வெட்டுவதற்குள் பின்னும் நேரத்துக்கு நிகரான நேரம் போய்விடும். முதல் பத்துப் பொருள்களைச் செய்யும்போது இந்த ஆயத்த வேலைக்கு ஆன நேரத்தையும் பின்னுவதற்கு ஆன நேரத்தையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். உங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கோ தையல் வேலைக்கோ கிடைக்கும் நாள் கூலியை மணிக் கணக்காக்கி அந்த நேரத்தோடு பெருக்கி, ஜிப், நரம்பு, உள்துணி ஆகியவற்றின் செலவையும் சேர்த்துப் பார்த்து, அந்த விலைக்கு வாங்குபவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அந்தப் பொருளை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போங்கள். விலையைக் குறைத்துக் கூலியை விழுங்கவிடாதீர்கள்.

ஒயர் கூடை தெரிந்தவர்கள் இருப்பது உங்களுக்கு உண்மையான பலம். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் ஆகிய முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் கைகளுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. ஆனால் அந்த முடிச்சுகள் விறைப்பான ஒயருக்காக அமைந்தவை. பால் கவர் இழையில் அவை துவண்டுவிடும். உறைகளை நான்கு மடிப்பாக, உள்ளே தாள் வைத்து மடித்த பட்டைகளைக் கொண்டு, பனையோலைப் பெட்டி முடைவது போலக் குறுக்கும் நெடுக்குமாக முடைந்தால் நன்றாக நிற்கும். உங்கள் பகுதியில் ஓலை முடையத் தெரிந்த மூத்த பெண்மணி ஒருவர் இருந்தால் அவரைக் குழுவுக்கு அழைத்து வாருங்கள். மூலை திருப்புவதையும் விளிம்பு கட்டுவதையும் அவரைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

கேரி பேக் எனப்படும் மெல்லிய பைகளை மூலப்பொருளாக நம்பித் தொழிலைத் திட்டமிடாதீர்கள். தமிழ்நாட்டில் அவை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அவை குறைய வேண்டும் என்பதுதான் எல்லோருடைய விருப்பமும். உணவு உறைகளும் பால் கவர்களும் அரிசிச் சாக்குகளும் சீராகக் கிடைக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே நிற உறைகளைத் தனியே சேர்த்து வைத்தால் வடிவம் ஒழுங்காக அமையும். அதற்கு டீக்கடைகளிலும் பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பெட்டிக்கடைகளிலும் ஆளுக்கொரு சாக்கு தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்வது எளிய ஏற்பாடு.

எதை விற்பது என்பதிலும் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. பூச்சாடி, பூங்கொத்து, சுவர் அலங்காரம் ஆகியவற்றை உறவினர் ஒருமுறை வாங்குவார், மறுமுறை கேட்கமாட்டார். மடிக்கணினி உறை, சாப்பாட்டுப் பை, தாம்பூலப் பை, மேசைவிரிப்பு ஆகியவை புழக்கத்தில் இருப்பவை. திருமண வீட்டார் தாம்பூலப் பைக்கு மொத்தமாகச் சொல்லும்போது உங்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைக்கும். வாங்குபவர் பையைக் கையில் எடுத்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார், அடுத்து விளிம்பைத் தடவிப் பார்ப்பார், மூன்றாவதாகத் துவைக்கலாமா என்று கேட்பார். முதல் இரண்டில் குறை இருந்தால் மூன்றாவது கேள்விக்கே இடம் இருக்காது. துவைக்கும் இயந்திரத்தில் போடக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்று ஒரு சிறு துணித் துண்டில் அச்சிட்டு உள்ளே தைத்துவிடுங்கள். காது அறுந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம் என்றும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்; பழுதாகித் திரும்பி வரும் பைகளைப் பார்த்தால்தான் எந்த இடத்தில் தையலை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியவரும்.